உள்ளே யாராவது இருக்கீங்களா?

மார்ச் 3

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். எந்த அக்கா என்று கேட்டுவிடாதே, உனக்கு இருப்பவள் ஒருத்திதான். நீ போய் மூன்று வருடமாகிறது. ஒரு வரி உண்டா? உன் விலாசத்தை உன் சிநேகிதன் தையல்காரனிடம் மன்றாடித்தான் வாங்கினேன். "நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லிடாதீங்கக்கா" என்றான். சொல்லிவிட்டேன். அவனைத் திட்டாதே, பாவம்.

நான் அதே இடத்தில்தான் இருக்கிறேன். கோயில் வாசலில் வலது பக்கம், செருப்பு வைக்கும் இடம். செருப்பை வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுக்கிறேன், டோக்கனை வாங்கிக்கொண்டு செருப்பைக் கொடுக்கிறேன். ஊர் காலடியில் கிடக்கிற உத்தியோகம் என்று நீ கிண்டல் செய்வாயே, அதே உத்தியோகம். மதியம் நடை சாத்தும் நேரத்தில் எப்போதாவது ஒரு ஜோடி மிஞ்சும். யாரோ அழுதுகொண்டே வந்திருப்பார்கள், வெறுங்காலோடு அழுதுகொண்டே போயிருப்பார்கள். அதையெல்லாம் பின்னால் ஒரு சாக்கில் போட்டு வைத்திருக்கிறேன். யாரும் வந்து கேட்டதில்லை. உன்னுடையது மட்டும் சாக்கில் இல்லை, அலமாரியின் மேல் தட்டில் இருக்கிறது. அத்தானோடு சண்டை போட்டுவிட்டு வெறுங்காலோடு பேருந்து ஏறினாயே, அன்றைக்கு விட்டுப்போன செருப்பு.

சண்டையைக் கிளற எழுதவில்லை. விஷயம் வேறு.

உனக்குப் பிறகு மதிய நடையைச் சாத்துவது உன் அத்தான்தான். அப்பா செய்தபடி, நீ செய்தபடி. எல்லோரையும் அனுப்பிவிட்டு உள்வாசலில் நின்று, "உள்ளே யாராவது இருக்கீங்களா?" என்று கேட்பார். பதில் இல்லையென்றால் படியைத் தாண்டி வந்து, "நானும் வெளியே வந்துட்டேன்" என்று உரக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவார். பதில் வந்தால் அந்த ஆள் வெளியே வரும்வரை சாத்தக்கூடாது. உனக்குத் தெரியாததா?

நீ போனதிலிருந்து இங்கே வாசலில் திருப்பணி. கல் அறுக்கிற மெஷின் காலையிலிருந்து மாலைவரை காதைக் கிழிக்கும். பக்கத்தில் நிற்பவர் பேசினாலும் கேட்காது. போன வாரம்தான் வேலை முடிந்து மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மறுநாள் மதியம் அத்தான் வழக்கம்போல் கேட்டார். உள்ளேயிருந்து "இருக்கேன்" என்று பதில் வந்தது.

யாரோ தூணுக்குப் பின்னால் தூங்கிவிட்டார்கள் என்று நினைத்துப் பிராகாரம் முழுக்கச் சுற்றினார். ஆள் இல்லை. திரும்பி வந்து மறுபடி கேட்டார். மறுபடியும் "இருக்கேன்". முகம் வெளுத்துப்போய் என்னிடம் ஓடி வந்தார். நானும் போய் நின்றேன், அவர் இன்னொரு தடவை கேட்டார். வெளியே பட்டப்பகல், கால் வைக்க முடியாத வெயில். உள்ளே அந்தக் குரல்.

உன் குரல்.

சின்ன வயதில் தெருமுனையில் நின்று உன்னைச் சாப்பிடக் கூப்பிடுவேன். மற்ற பிள்ளைகளெல்லாம் "வரேன்" என்பார்கள். நீ மட்டும் "இருக்கேன்" என்பாய். "இருக்கிறது தெரியும்டா, வந்து தொலை" என்று கத்துவேன். அதே இழுப்பு, அதே அலட்சியம். எனக்கு எப்படித் தப்பும்?

உயிரோடு இருக்கிறாயா? அதை மட்டும் எழுது. போன் செய்யாதே. போனில் நீ "இருக்கேன்" என்று சொன்னால் அது எந்த நீ என்று எனக்குத் தெரியாது.

அக்கா


மார்ச் 19

அக்கா,

உயிரோடுதான் இருக்கிறேன். சம்பளம் கொடுக்கிறவன் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறான்.

மூன்று வருடம் கழித்துக் கடிதம் வந்திருக்கிறதே என்று ஆசையாகப் பிரித்தேன். எப்படி இருக்கிறாய், என்ன சாப்பிடுகிறாய் என்று ஒரு வார்த்தை இல்லை. நேராகப் பேயாக்கிவிட்டாய். அத்தானுக்குக் குற்றவுணர்ச்சி காதுக்குள் போய்ப் பேசுகிறது. காது டாக்டரிடம் கூட்டிப்போ. நீயும் கூடவே காட்டிக்கொள்.

வெளிநாடு போகிறேன் என்று சொன்னதற்கு, "நடையை எவன் சாத்துறது, உங்கப்பனா எழுந்து வருவான்?" என்று கேட்டார். ஊரே பார்க்க, உள்வாசலில் வைத்து என் சட்டைக் காலரைப் பிடித்தார். கையிலிருந்த சாவியைப் பிடுங்கினார். கோணிப்பையை இழுப்பதுபோல் என்னை இழுத்து வெளியே தள்ளிவிட்டு, அவரே கதவைச் சாத்தினார். நீ செருப்பு அலமாரிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அத்தான் மேல் இருப்பதைவிட உன் மேல்தான் கோபம் அதிகம். எழுதிவிட்டேன், இனி அது உன் பாடு.

இங்கே குளிர்கிடங்கில் வேலை. மீனும் இறைச்சியும் பெட்டி பெட்டியாக வரும், அடுக்குவோம், இறக்குவோம். வாயைத் திறந்தால் புகை வரும். விடுதி அறையில் கூட ஒருவர் இருக்கிறார். நான் அவருக்கு வைத்த பெயர் குறட்டை. நல்ல மனிதர், தூங்காதவரை. அவர் என்னைப் பற்றிப் புகார் சொல்வதுதான் வேடிக்கை. தினமும் விடியற்காலையில் நான் தூக்கத்தில் பேசுகிறேனாம். "யாரு கூப்பிட்டா பதில் சொல்றீங்க?" என்று கேட்கிறார்.

அத்தானிடம் சொல், நான் நன்றாக இருக்கிறேன் என்று. உள்ளே இருப்பவனையும் கேட்டதாகச் சொல்.

தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். படித்ததும் உன்னை அறையலாம் போலிருந்தது. இரண்டும் ஒரே நிமிடத்தில்.

அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. அது உண்மைதான். அவர் பக்கம் பேசினால் நீ போய்விடுவாய், உன் பக்கம் பேசினால் அவர் வீட்டுக்கு வரமாட்டார் என்று பயந்தேன். பேசாமலே இருந்தும் நீ போனாய். இதற்கு மேல் என்ன சொல்ல?

இப்போது நான் கேட்பதற்குக் கிண்டல் இல்லாமல் பதில் எழுது. தூக்கத்தில் நீ என்ன சொல்கிறாய்? குறட்டைக்காரரிடம் கேட்டு, அந்த வார்த்தையை அப்படியே எழுது. இங்கே மதியம் நடை சாத்தும் நேரம் உங்களுக்கு விடியற்காலை. தையல்காரனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

உன் கடிதத்தை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். காலரைப் பிடித்த இடம் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அன்னைக்கு உன் தம்பி 'நானும் வெளியே வந்துட்டேன்'னு சொன்னானா?"

யோசித்துப் பார். கடைசியாக வெளியே வருகிறவன் தன்னையும் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் சாத்த வேண்டும். அன்றைக்கு நடை சாத்த வந்தவன் நீ. கேட்டது நீ. கதவைச் சாத்தியது அவர். நீ சொல்லவே இல்லை. உடம்பை இழுத்து வெளியே போட்டுவிட்டார், அவ்வளவுதான். இந்த மூன்று வருடமும் அத்தான் தினமும் கேட்டிருக்கிறார், உள்ளே இருப்பது தினமும் பதில் சொல்லியிருக்கிறது. மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஒரு பிள்ளை தினமும் பதில் சொல்லியும் மூஞ்சியில் கதவைச் சாத்தினால் எப்படி இருக்கும்?

இப்போதெல்லாம் அத்தான் நடையைச் சாத்துவதில்லை. மதியம் முழுக்க உள்வாசலில் உட்கார்ந்திருக்கிறார். நேற்று நான் சாப்பாடு கொண்டுபோனபோது உள்ளே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"இருக்கேன்னா வாயேன்டா. நான்தான் கதவைத் திறந்து வச்சிருக்கேன்ல?"

உள்ளேயிருந்து வந்தது: "நான்தான் இன்னும் சொல்லலையே அத்தான். சொல்லாம எப்படி வர்றது?"

கோபமே இல்லாத குரல். அதனால்தான் பயமாக இருக்கிறது.

"அவனை வரச் சொல்லு, நான் கால்ல விழுறேன்" என்கிறார் உன் அத்தான். விழவிடாதே, இடுப்பு வலிக்காரர். ஆனால் வா.

அக்கா


ஏப்ரல் 20

அக்கா,

குறட்டையிடம் கேட்டேன். நான் சொல்லும் வார்த்தை "இருக்கேன்".

போன கடிதத்தில் எழுதாத சிலதை இப்போது எழுதுகிறேன். எழுதினால் நிஜமாகிவிடும் என்று பயந்துதான் விட்டேன்.

கிடங்கில் சுமை நிறுக்கும் எடை மேடை ஒன்று இருக்கிறது. ஓய்வு நேரத்தில் அதில் ஏறி நின்று ஒருவரை ஒருவர் கேலி செய்வோம். நான் இளைத்துக்கொண்டே வருகிறேன். சட்டை தொளதொளக்கவில்லை, முகம் ஒட்டவில்லை, பார்ப்பதற்கு அதே ஆள்தான். மேடை மட்டும் குறைத்துக் காட்டுகிறது. போன வாரம் ஏறினேன். வந்த புதிதில் இருந்ததில் பாதி. மேஸ்திரி மேடை பழுது என்று சொல்லி அவரே ஏறிப் பார்த்தார். அவருக்குச் சரியாகக் காட்டியது. யாரும் சிரிக்கவில்லை.

கிடங்கின் கதவு ஆள் வந்தால் தானாகத் திறக்கும். எனக்குத் திறப்பதில்லை. வேறு யாராவது வரும்வரை நின்று, அவர்களோடு ஒட்டிக்கொண்டு உள்ளே போகிறேன். நேற்று மேஸ்திரி ஆட்களைக் கூப்பிட்டபோது நான் அவர் எதிரேதான் நின்றேன். "வரலையா? சரி" என்று அடுத்த ஆளுக்குப் போய்விட்டார். சத்தம் போட்டேன். திடுக்கிட்டுத் திரும்பி, "எப்ப வந்தே?" என்றார்.

இன்று காலை குறட்டை என்னைப் பார்த்து, "புதுசா சேர்ந்திருக்கீங்களா? எந்தக் கட்டில் குடுத்தாங்க?" என்று கேட்டார். அக்கா, அவர் கேலி செய்கிற ஆள் இல்லை. மூன்று வருடம் பக்கத்துக் கட்டிலில் தூங்கியவர்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை உன்னிடம் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அந்த மிச்சப் பாதி அங்கேதான் இருக்கிறது என்றால் வந்து வாங்கிக்கொள்கிறேன். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டால் முடிந்தது இல்லையா? ஜூன் இரண்டாம் வாரம் வருகிறேன். அத்தான் காலில் விழ வேண்டாம் என்று சொல். காலரைப் பிடித்ததற்கு ஒரு சட்டை வாங்கித் தரட்டும், போதும்.

தம்பி


மே 6

தம்பிக்கு,

வா. அத்தான் இப்போதே சட்டை வாங்கி வைத்துவிட்டார். நிறம் உனக்குப் பிடிக்காது. பிடித்ததாக நடி.

பேருந்தை விட்டு இறங்கி வீட்டுக்குப் போகாமல் நேராக என்னிடம் வா. நடை சாத்தும் நேரத்தில் வா. எல்லோரையும் போல் செருப்பை என்னிடம் கழற்றிக் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போ. தம்பி என்பதற்காகச் சும்மா விடமாட்டேன். அத்தான் உள்வாசலில் நிற்பார். நீயே கேள், நீயே சொல், நீயே சாத்து. பிறகு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்.

அக்கா


ஜூன் 11

தம்பிக்கு,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. நடை சாத்தியிருக்கிறது, உள்வாசல் கதவுக்கு அடியில் தள்ளப்போகிறேன். என்னைப் பைத்தியம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்.

நீ வந்தாய். முந்தாநாள் மதியம். முகத்தைப் பார்த்து அழக்கூடாது என்று கைகளைப் பார்த்தேன், கிடங்குக் குளிரில் வெடித்த கைகள். முன்பக்கம் இரும்பு வைத்த கறுப்பு ஷூ, வேலைக்குப் போடுகிறதாம். "பார்த்து வை, ஊர்ல இதுக்கு ஜோடி கிடையாது" என்றாய். நான் டோக்கன் கொடுத்தேன். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போனாய்.

இங்கிருந்தே எனக்குக் கேட்டது. "உள்ளே யாராவது இருக்கீங்களா?" பிறகு ஒரு இடைவெளி. அப்புறம் "நானும் வெளியே வந்துட்டேன்" என்று அழகாக, கணீரென்று வந்தது. கதவு சாத்துகிற சத்தமும் வந்தது. அத்தான் உன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார், இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு. நான் ஷூவை எடுக்கக் குனிந்தேன்.

நிமிர்வதற்குள் அவன் மேல் தட்டிலிருந்து பழைய செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டான். "டோக்கன் எங்கடா?" என்றேன், விளையாட்டாகத்தான். சட்டைப் பையைத் தடவிப் பார்த்தான். டோக்கனும் இல்லை, பேனாவும் இல்லை. "டோக்கனா? என்கிட்ட நீ எப்ப டோக்கன் குடுத்திருக்கே?" என்றான். ஷூவைக் காட்டினேன். யாருடையதோ என்று நகர்ந்துவிட்டான்.

வீட்டில் நன்றாகச் சாப்பிட்டான். மூன்று வருடப் பசி. குறட்டை எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "யாரோட குறட்டை?" என்றான். கிடங்கைப் பற்றிக் கேட்டேன், பேச்சை மாற்றினான். அப்பாவைப் பற்றி, தெருவைப் பற்றி, நம் சின்ன வயதைப் பற்றி என்ன கேட்டாலும் சொல்கிறான். அந்தச் சண்டை நாளுக்கு அப்புறம் அவனிடம் ஒன்றுமே இல்லை. சண்டையும் ஞாபகமில்லை. அவன் கையைப் பிடித்துப் பார்த்தேன். ஒரு வெடிப்பு இல்லை. வெயில் நேரத்தில்கூடச் சில்லென்று இருந்தது.

அத்தானுக்குக் கால் தரையில் பாவவில்லை. "பையன் திருந்திட்டான், கோபமே இல்ல பாரு" என்கிறார். நேற்றும் இன்றும் நடை ஒழுங்காகச் சாத்தியாகிவிட்டது, உள்ளேயிருந்து ஒரு பதிலும் இல்லை. அவர் வரையில் எல்லாம் முடிந்தது.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அவனைப் பிடித்திருக்கிறது. என்னைக் குத்திப் பேசுவதில்லை. கூப்பிட்டால் "வரேன்" என்கிறான். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் கரண்டியை வைத்துவிட்டு அவன் முகத்தையே பார்த்தேன். இப்படியே இருந்துவிடலாமே என்று நேற்று ஒரு நிமிடம் நினைத்துவிட்டேன். பிறகு அலமாரியைத் துடைக்கப்போனேன். உன் ஷூவுக்குள் கையை விட்டேன், அடியில் மடித்து வைத்த செய்தித்தாள், நீ நடந்து நடந்து நசுங்கியது. என்னால் அதைச் சாக்கில் போட முடியவில்லை.

நடை சாத்தும் நேரத்தில் கேட்பது ஆண்கள் வேலை என்று அப்பா என்னை ஒருநாளும் விட்டதில்லை. அதனால் எழுதிக் கேட்கிறேன்.

உள்ளே இருக்கிறாயா?

அக்கா


அக்கா,

இருக்கேன்.

உன் கடிதத்தின் பின்பக்கத்திலேயே எழுதுகிறேன். பேனா என்னிடம்தான் இருக்கிறது. தேதி தெரியவில்லை.

நான் கேட்டேன். தூணுக்குப் பக்கத்திலிருந்து அவன் வந்தான். நம் வீட்டுப் பழைய போட்டோவைப் பார்ப்பது போல இருந்தது. இருவரும் படி அருகே வந்துவிட்டோம், அத்தான் கண்ணுக்கு ஒருவன்தான் தெரிந்திருப்பான். சொல்வதற்காக நான் மூச்சை இழுத்தேன். அதற்குள் அவன் சொல்லிவிட்டான். அவன் மேல் தப்பில்லை, மூன்று வருடமாக நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு நின்றவன். அவன் தாண்டினான், கதவு சாத்திக்கொண்டது. என் குரலும் அவனோடு போய்விட்டது.

அத்தான் தினமும் கேட்கிறார். நானும் பதில் சொல்கிறேன், எனக்கே கேட்கவில்லை. சாயங்காலம் நடை திறந்து ஜனங்கள் வருகிறார்கள். அர்ச்சகர் நேற்று என் தோளில் கை வைத்து நின்று இளைப்பாறினார். தூண் என்று நினைத்திருப்பார். பசிக்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

நாளைக்கு அத்தானைக் கேட்கவிடாதே. நீ கேள். அப்பா என்ன சொல்லியிருந்தாலும் சரி, நீ வா. அவனையும் கையோடு அழைத்து வா, படிக்கு வெளிப்பக்கம் நிறுத்து, என் மிச்சப் பாதி அவன்தானே. திட்டாதே, அவனும் உன் தம்பிதான். நான் தாண்டியதும் எனக்காக அந்த வாக்கியத்தை நீ சொல்லிவிடு.

ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். "யாராவது இருக்கீங்களா" என்று கேட்காதே. தெருமுனையில் நின்று என்னைக் கூப்பிடுவாயே, அப்படி என்னை மட்டும் கூப்பிடு. உன் சாக்கில் கிடக்கிறதே, அந்தச் செருப்புக்காரர்கள் எல்லோரும் இங்கேதான் இருக்கிறார்கள். நான் எழுதுவதைச் சுற்றி நின்று பார்க்கிறார்கள். பொதுவாகக் கேட்டால் எல்லோரும் வந்துவிடுவார்கள்.

டோக்கனை இதோடு மடித்து வைத்திருக்கிறேன். ஷூவை எடுத்து வை.

தம்பி